1.2 என்ற எண்ணும் நான்கு தைராய்டு பரிசோதனைகளும்

ஒரு மருத்துவ ரிப்போர்ட்டில் 1.2 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் டிஎஸ்எச் என்று இருந்தால் எல்லாம் இயல்பு. ஃப்ரீ டி4 என்று இருந்தாலும் இயல்பு. மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கில் வரும் டி3 என்றாலும் இயல்புதான். வெறும் டி4 என்று இருந்துவிட்டால் மட்டும் கதை மாறுகிறது: அந்த ஆளுக்குத் தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எண் மாறவில்லை. ‘ஃப்ரீ’ என்ற ஒரு சொல் விட்டுப்போனதில், நலமாக இருப்பவர் காகிதத்தில் கடும் நோயாளி ஆகிவிடுகிறார்.

அமெரிக்க மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யும் டிக்டேஷன்களைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை 1990-களின் பிற்பகுதியிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஊர்களில் நடந்து வருகிறது. இன்று பல இடங்களில் முதல் வரைவை மென்பொருளே எழுதிவிடுகிறது. மனிதர் அதைக் கேட்டுத் திருத்துகிறார். இந்த வேலையில் தைராய்டு பரிசோதனைப் பெயர்கள் தனி வகைச் சிக்கல். ஓரெழுத்து, ஓர் எண் என்று மிகக் குட்டையான பெயர்கள். அதனால் காதுக்குப் பிடிமானம் குறைவு. ஒன்று இன்னொன்றாகக் கேட்டால், பிறப்பதும் உண்மையிலேயே இருக்கிற வேறொரு பரிசோதனையின் பெயர்தான். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளுக்கு அது தவறாகவே தெரியாது.

எண்கள் எதை எண்ணுகின்றன?

டி4 என்பது தைராக்ஸின். அதன் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் 4. எட்வர்ட் கெண்டல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட டி3 கண்டுபிடிக்கப்பட்டது வெகு பின்னால், 1952-இல், லண்டனில். ஜாக் கிராஸும் ரோஸலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டறிந்தார்கள். சுரப்பி அதிகமாக வெளிவிடுவது டி4. உடலின் திசுக்கள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி, வீரியம் கூடிய டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன.

டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு சோம்பினால் உத்தரவின் குரல் உயரும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் உத்தரவு அடங்கிவிடும். ‘தைராய்டு ஏறிடுச்சு’ என்று நம்மூரில் சொல்கிறபோது பெரும்பாலும் ஏறியிருப்பது டிஎஸ்எச். தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கிறது. இந்தத் தலைகீழ் உறவு மனதில் பதிந்தால்தான், பின்னால் வரும் பொருத்தம் பார்க்கிற வேலை கைகூடும்.

‘ஃப்ரீ’ என்றால் இலவசமல்ல

ரத்தத்தில் ஓடும் டி4 முழுவதும் தனியாகத் திரிவதில்லை. தைராக்ஸின் பிணைப்பு குளோபுலின், ட்ரான்ஸ்தைரெட்டின், ஆல்புமின் ஆகிய புரதங்கள் அதைச் சுமந்து செல்கின்றன. கட்டில்லாமல் இருப்பது சுமார் 0.02 முதல் 0.03 சதவீதம் மட்டுமே. திசுக்களுக்குள் நுழைந்து வேலை செய்வது அந்தக் கட்டற்ற பகுதிதான். அதை மட்டும் அளந்தால் ஃப்ரீ டி4, எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் மொத்த டி4. டி3-க்கும் இதே பாகுபாடு உண்டு.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்குக் கர்ப்பம் நல்ல எடுத்துக்காட்டு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் பிணைப்புப் புரதம் கூடுகிறது. அதனால் மொத்த டி4 வழக்கமானதைவிட ஒன்றரை மடங்கு வரை உயரும். தாய்க்கு நோய் ஏதும் இல்லை. அங்கே ‘மொத்தம்’ என்று சொன்னதை ‘ஃப்ரீ’ என்று மாற்றி எழுதினால், இல்லாத நோய்க்கு ஒரு மருத்துவர் மருந்து யோசிக்க வேண்டி வரும்.

அலகுதான் சாட்சி

பெயர் சரியாகக் கேட்டதா என்ற சந்தேகம் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அலகை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லைகள் கொஞ்சம் மாறும். ஆனாலும் வயது வந்தவர்களுக்கு ஏறத்தாழ இப்படி:

1. டிஎஸ்எச்: 0.4 முதல் 4.0 வரை, லிட்டருக்கு மில்லி இன்டர்நேஷனல் யூனிட். மில்லிலிட்டருக்கு மைக்ரோ இன்டர்நேஷனல் யூனிட் என்று சொன்னாலும் எண் அதேதான்.
2. மொத்த டி4: 5 முதல் 12 வரை, டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்.
3. ஃப்ரீ டி4: 0.8 முதல் 1.8 வரை, டெசிலிட்டருக்கு நானோகிராம்.
4. மொத்த டி3: 80 முதல் 200 வரை, டெசிலிட்டருக்கு நானோகிராம். மில்லிலிட்டர் கணக்கில் தரும் ஆய்வகங்களில் இதுவே 0.8 முதல் 2.0 ஆகிவிடும்.
5. ஃப்ரீ டி3: 2.3 முதல் 4.2 வரை, மில்லிலிட்டருக்கு பிக்கோகிராம்.

மொத்த டி4-க்கு மைக்ரோகிராம், ஃப்ரீ டி4-க்கு நானோகிராம். இடையில் ஆயிரம் மடங்கு. ஆகவே ‘டி4 1.2 நானோகிராம்’ என்று மருத்துவர் சொன்னால், அவர் மனதில் இருந்தது ஃப்ரீ டி4 என்பதற்கு அலகே சாட்சி சொல்கிறது. மருத்துவர்கள் பல நேரம் அலகைச் சொல்லாமலே போய்விடுவார்கள். அப்போது எண்ணின் அளவுதான் துணை. ஐரோப்பிய முறையில் ஃப்ரீ டி4-ஐ லிட்டருக்கு பிக்கோமோல் என்று சொல்வார்கள். நானோகிராம் எண்ணை 12.87-ஆல் பெருக்கினால் அது வரும். ஃப்ரீ டி4 15 என்று கேட்டதும் பதறி, அதை 1.5 ஆக்கிவிடக் கூடாது. பிக்கோமோலில் 15 இயல்பான எண்.

காது ஏமாறும் இடங்கள்

1. ‘ஃப்ரீ’யும் ‘த்ரீ’யும். தொலைபேசித் தரத்தில் பதிவான ஒலியில் இந்த இரண்டின் முதல் ஒலியும் கரைந்துவிடும். ‘ஃப்ரீ டி4’ என்றது ‘த்ரீ, டி4’ என்று விழும். அதைக் கேட்டவர் நல்லெண்ணத்தோடு ‘டி3, டி4’ என்று ஆக்கிவிடுவார். ஒரு பரிசோதனை இரண்டாகிவிடும். எண்ணோ ஒன்றுதான் இருக்கும். பெயர்கள் இரண்டு, எண் ஒன்று என்று வந்தாலே திரும்பக் கேட்க வேண்டும்.

2. டிஎஸ்எச், எஃப்எஸ்எச், பிடிஎச். குழந்தைப்பேறு சிகிச்சையில் டிஎஸ்எச்சும், கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச்சும் ஒரே மூச்சில் வரும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கால்சியத்தோடு சேர்த்து பாராதைராய்டு ஹார்மோனான பிடிஎச்சைச் சொல்வார்கள். பக்கத்தில் என்ன பரிசோதனை நிற்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கால்சியம், பாஸ்பரஸ் பக்கத்தில் நின்றால் காது பிடிஎச்சை எதிர்பார்க்கட்டும்.

3. பெயரில் உள்ள எண்ணும் முடிவில் உள்ள எண்ணும் ஒட்டிக்கொள்வது. ‘டி4 4.8’ என்பதை மென்பொருள் ‘டி44.8’ என்று எழுதிவிடலாம். ‘டி4’ என்று ஒரு முறை சொல்லி, ‘4.8’ என்று அடுத்து சொல்லும்போது இடைவெளி மிகக் குறைவு.

4. பதினான்கும் நாற்பதும். ஆங்கிலத்தில் இவை இரண்டும் கடைசி ஒலியில் மட்டுமே பிரிகின்றன. டிஎஸ்எச் 14, டிஎஸ்எச் 40 இரண்டுமே நடக்கக்கூடியவை என்பதால் எல்லையை வைத்தும் இதைத் தீர்க்க முடியாது. மருத்துவர் பின்னால் ‘லேசாக உயர்ந்திருக்கிறது’ என்கிறாரா, மருந்தளவை எவ்வளவு கூட்டுகிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். அதிலும் தெளியாவிட்டால் வெற்றிடம் விடுவதே முறை.

5. ‘பாயின்ட் ஓ ஃபோர்’. 0.04-க்கும் 0.4-க்கும் இடையில் ஒரு ‘ஓ’ தான். 0.4 இயல்பின் விளிம்பு, 0.04 தெளிவாக அடங்கிப்போன டிஎஸ்எச்.

டி3 அப்டேக்: பெயரே வழிதவறச் செய்யும் பரிசோதனை

எல்லாவற்றிலும் அதிகம் தடுமாற வைப்பது இதுதான். ரெசின் டி3 அப்டேக் என்ற பழைய பரிசோதனை, நோயாளியின் உடலில் எவ்வளவு டி3 இருக்கிறது என்று அளப்பதில்லை. பிணைப்புப் புரதங்களில் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று அளக்கிறது.

செய்முறை இப்படி. நோயாளியின் சீரத்தில், கதிரியக்க அடையாளமிட்ட டி3-ஐ வெளியிலிருந்து சேர்ப்பார்கள். புரதத்தில் இடம் இருந்தால் அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இடம் கிடைக்காத மிச்சத்தை ரெசின் என்ற பொருள் பிடித்துக்கொள்ளும். ரெசினில் எத்தனை சதவீதம் சேர்ந்தது என்பதே முடிவு. ஒரு பஸ்ஸில் காலி சீட் எத்தனை என்று தெரிந்துகொள்ள, ஐம்பது பேரை ஏற்றிப் பார்த்து, உட்கார இடமில்லாமல் நிற்பவர்களை எண்ணுவதைப் போன்றது.

தைராய்டு மிகையாகச் சுரந்தால் சீட்டெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அப்டேக் கூடும். கர்ப்பத்திலோ பஸ்ஸே பெரிதாகிறது. மொத்த டி4 கூடும், அப்டேக் குறையும். இந்த இரண்டையும் பெருக்கிப் பெறும் கணக்குக்கு ஃப்ரீ தைராக்ஸின் இன்டெக்ஸ் என்று பெயர். டி3 அப்டேக்கும் டி4-உம் சேர்ந்த கணக்கு என்பதால் அதையே டி7 என்றும் சொல்வார்கள். டி7 என்று ஒரு ஹார்மோன் கிடையாது. ஆனால் பழைய பழக்கத்தில் உள்ள மருத்துவர் ‘டி7’ என்று சொன்னால் அவர் தடுமாறவில்லை. அதை டி4 என்று ‘திருத்துவது’ நம் தவறாகிவிடும்.

இங்கே மூன்று மோதல்கள் காத்திருக்கின்றன.

முதலாவது, ‘அப்டேக்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் மிஞ்சுவது டி3. ‘டி3 32 சதவீதம்’ என்ற வரி எந்த ஆய்வகத்திலிருந்தும் வர முடியாது. டி3-க்குச் சதவீதம் கிடையாது.

இரண்டாவது, கதிரியக்க அயோடின் அப்டேக் என்ற முற்றிலும் வேறான பரிசோதனை. அதில் நோயாளிக்கே கதிரியக்க அயோடினைக் கொடுத்து, கழுத்தில் சுரப்பி எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். 24 மணி நேரத்தில் சுமார் 10 முதல் 30 சதவீதம் இயல்பு. டி3 அப்டேக்கின் இயல்பு சுமார் 25 முதல் 35 சதவீதம். இரண்டுமே ‘அப்டேக்’, இரண்டுமே சதவீதம், எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன! மற்ற இடங்களில் சாட்சி சொன்ன அலகு இங்கே கைவிடுகிறது. ‘ஸ்கேன்’, ‘24 மணி நேரம்’, ‘அயோடின் 123’ போன்ற பக்கத்துச் சொற்களைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது, ஆர்டி3 என்ற சுருக்கம். சிலர் வாயில் அது ரெசின் டி3. வேறு சிலர் வாயில் ரிவர்ஸ் டி3. ரிவர்ஸ் டி3 என்பது அயோடின் வேறு இடத்தில் கழன்றதால் வீரியமில்லாமல் போன மூலக்கூறு. சுருக்கத்தை விரித்தெழுதும் ஆசை வந்தால் இந்த இடத்தில் அடக்கிக்கொள்வது நல்லது. சொன்னது ஆர்டி3 என்றால் ஆர்டி3 என்றே எழுதி, கேள்விக்குறிப்பு வைக்கலாம்.

டி, ஜி, பி என்ற எழுத்துகளின் நெரிசல்

தைரோகுளோபுலினின் சுருக்கத்தில் டி பெரிய எழுத்து, ஜி சிறிய எழுத்து. இரண்டையும் பெரிய எழுத்தில் அடித்தால் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாகப் படிக்கப்படும். தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்துவிட்டவருக்கு, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கும் குறியீடு தைரோகுளோபுலின். அது ஒரு கொழுப்புப் பரிசோதனையாக மாறிப்போய்க் கோப்பில் தூங்கினால், கண்காணிப்பில் ஓட்டை விழுகிறது. தைரோகுளோபுலினுக்கு மில்லிலிட்டருக்கு நானோகிராம், ட்ரைகிளிசரைடுக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அலகு மீண்டும் உதவுகிறது. இதே எழுத்துகளோடு ‘ஆன்டிபாடி’ சேர்ந்தால் இன்னொரு பரிசோதனை. அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் தைரோகுளோபுலின் அளவே நம்பத்தகாததாகிவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். அடுத்தடுத்து வருவதை ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னதாக எண்ணி ஒன்றை வெட்டிவிடக் கூடாது.

டிபிஜி என்பது பிணைப்புப் புரதம். டிடிஜி என்பது கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை. தன்னுடல் தாக்கும் தைராய்டு நோய் உள்ளவர்களிடம் சீலியாக் நோயும் அதிகம் காணப்படுவதால் இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் வருவது இயற்கை. டிஎஸ்ஐ என்பது, தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பியைத் தூண்டிவிடும் ஆன்டிபாடி. அதன் முடிவு சதவீதத்தில் வருவது உண்டு; டிஎஸ்எச் ஒருபோதும் சதவீதத்தில் வராது. தைராய்டைக் குறிவைக்கும் இன்னொரு ஆன்டிபாடியான ஆன்டி டிபிஓ-வுக்கு முந்தைய பெயர் ஆன்டி மைக்ரோசோமல் ஆன்டிபாடி, சுருக்கம் ஏஎம்ஏ. கல்லீரல் நோய்க்கான ஆன்டி மைட்டோகாண்ட்ரியல் ஆன்டிபாடிக்கும் ஏஎம்ஏதான். மருத்துவர் சொல்லைக் கேளாமல் நோயாளி கிளம்பிப் போனதற்கும் அமெரிக்க மருத்துவமனைகளில் அதே மூன்றெழுத்து.

டி4 ஹார்மோன் அல்லாதபோது

தைராய்டு புற்றுநோய் ரிப்போர்ட் ஒன்றிலேயே டி4 மூன்று வேடம் போடும். கட்டியின் அளவையும் பரவலையும் சொல்லும் நிலை டி4. புற்று எலும்புக்குப் பரவியிருந்தால், முதுகெலும்பின் நான்காவது மார்பு முள்ளெலும்பும் டி4. பிறகு ஹார்மோன். வலிக்கு ‘டி3’ என்று சொன்னால் அது கோடீன் கலந்த மூன்றாம் எண் டைலனால் மாத்திரையாக இருக்கும். ஹார்மோன் மட்டும் எண்ணைக் கீழே சிறிதாக ஏற்கும். நிலையும் முள்ளெலும்பும் எழுத்தோடு ஒரே வரிசையில்தான் நிற்கும்.

எழுதும்போது

1. எண்ணைக் கீழே சிறிதாகப் போட வசதி இருந்தால் போடலாம். இல்லாத மென்பொருளில் அதே வரியில் எழுதினாலும் சரியே. மேலே தூக்கி எழுதுவது மட்டும் கூடாது. டிக்கும் எண்ணுக்கும் நடுவில் கோடும் வேண்டாம். இரண்டு பெயர்களுக்கு நடுவில் ‘டி3-டி4’ என்று கோடிட்டாலும் முதுகெலும்பின் இடைவட்டு போலத் தெரியும்.

2. ‘0.01-க்கும் குறைவு’ என்பதைக் குறியாகப் போடாமல் சொல்லாக எழுதுவது பாதுகாப்பு. சில கணினி அமைப்புகளில் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்தக் குறி தொலைந்துவிடும். தலைகீழாகப் படிக்கப்படும் ஆபத்தும் உண்டு.

3. மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்தும் அப்படியே. அது மில்லியாகப் படிக்கப்பட்டால் ஆயிரம் மடங்கு தவறு. தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்ஸின் மாத்திரை 25, 50, 100 மைக்ரோகிராம் அளவுகளில் வருகிறது. 25 மில்லிகிராம் என்று ஒரு மாத்திரையே இல்லை.

4. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட தடைப்பட்டியல், மருந்தளவில் புள்ளிக்குப் பின் வெறும் பூஜ்ஜியம் வைப்பதையும் புள்ளிக்கு முன் பூஜ்ஜியம் போடாமல் விடுவதையும் தடுக்கிறது. ஆய்வக முடிவில் துல்லியத்தைக் காட்டும் பின்பூஜ்ஜியத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே டிஎஸ்எச் 4.0 சரி.

5. நோயின் பெயர் எழுதும் பகுதியில் சுருக்கத்தை விரித்து எழுத வேண்டும். டிஎஸ்எச், டி4 போன்ற பரிசோதனைப் பெயர்களை விரிக்கத் தேவையில்லை.

பொருந்தாதபோது

டிஎஸ்எச் 18, ஃப்ரீ டி4 0.5 என்று வந்துவிட்டு, கீழே ‘ஹைப்பர்தைராய்டிசம்’ (மிகைச் சுரப்பு) என்று காதில் விழுந்தால் ஏதோ ஒன்று தவறு. எண்கள் ஹைப்போ, அதாவது குறைவான சுரப்பு, என்கின்றன. பெரும்பாலும் காதுதான் ஏமாந்திருக்கும். சில நேரம் மருத்துவரே வாய்தவறிச் சொல்லியிருப்பார்.

இதற்காக நாமே மாற்றி எழுதிவிடலாமா? கூடாது. பிட்யூட்டரியில் கட்டி உள்ளவருக்கு டி4-உம் குறைந்து டிஎஸ்எச்சும் குறைந்தே இருக்கலாம். உத்தரவு போடுகிற இடமே பழுதாகிவிட்டது. ஹைப்போதைராய்டு நோயாளி மாத்திரை அதிகமாக எடுத்திருந்தால் டிஎஸ்எச் அடங்கியிருக்கும். வாய்ப்பாட்டை மட்டும் தெரிந்தவர் இவற்றைத் ‘திருத்தி’ உண்மையை அழித்துவிடுவார். பொருத்தம் பார்க்கும் அறிவு சந்தேகத்தை எழுப்புவதற்காக. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

தவறு உடனே வெளிப்படாததுதான் இதில் கவலை தருகிறது. லெவோதைராக்ஸினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். மருந்தளவை மாற்றினால் அதன் முழு விளைவைப் பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி டிஎஸ்எச் எடுப்பார்கள். தவறான எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் அத்தனை வாரமும் நோயாளி அதைச் சாப்பிடுவார். வயதானவர்களுக்கு மிகை மருந்து இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கும், எலும்பைத் தேய்க்கும். குறைத்துவிட்டால் கர்ப்பிணிக்கு ஆபத்து, ஏனென்றால் முதல் மூன்று மாதம் கரு தாயின் டி4-ஐயே நம்பியிருக்கிறது.

ஆகவே சந்தேகம் வந்த இடத்தில் வெற்றிடம் விட்டு, குறிப்பை மூன்று விஷயங்களோடு எழுத வேண்டும்: ஒலிப்பதிவில் எந்த நேரம், காதில் விழுந்தது என்ன, ஏன் பொருந்தவில்லை. ‘கேட்கவில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் அனுப்பினால் மருத்துவருக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியாது. முதலில் பார்த்த 1.2-க்கு அந்தக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

‘நேரம் 2:14. டி4 1.2, டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று கேட்கிறது. இந்த அலகு ஃப்ரீ டி4-க்கு உரியது. ஃப்ரீ என்ற சொல் ஒலிப்பதிவில் இல்லை. ஆய்வக அறிக்கையோடு ஒப்பிட்டு உறுதி செய்யவும்.’